காலியாக விட்ட பட்டை

"இன்னும் சின்னதாக்குங்க."

கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் மூன்றாவது முறையாக இதைச் சொன்னதும் வடிவமைப்பாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நகரத்தின் அந்தத் துறைக்குப் புது லோகோ, புது நிறங்கள், புது எழுத்து எல்லாம் அவன் கைவண்ணம்தான். பாதி விலகிய நாடகத் திரைதான் லோகோ. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், இந்த மேடம் உட்பட. ஒரு நாடகத்துக்கான முதல் போஸ்டரில் அதை வைக்கும்போதுதான் வம்பு வந்தது.

"மேடம், எல்லாரும் லோகோவைப் பெருசாக்கு, பெருசாக்குன்னுதான் எங்க உயிரை எடுப்பாங்க. நீங்க என்னடான்னா..."

"போஸ்டர் நாடகத்துக்குத்தானே, துறைக்கு இல்லையே? லோகோவை மூலைல வைங்க. கீழ இந்தப் பட்டையைக் காலியா விட்டுடுங்க."

"காலியாவா? அங்க என்ன வரும்?"

"பேரு வரும். அதை நானே அச்சகத்துல கொடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தான்.

"எனக்குத் தெரியாதா? அந்தப் பட்டைல அந்தம்மா பேரு, பதவி, படிச்ச படிப்பு எல்லாம் வரும். பக்கத்துலயே பல்லைக் காட்டிட்டு ஒரு போட்டோ. அதுக்காக என் லோகோவைப் பட்டாணி சைஸுக்குக் கொண்டுவந்துட்டாங்க. பேராசை!"

"வேலை முடிஞ்சுதுல்ல, விடுங்களேன்."

"எப்படி விடறது? எங்க தொழில்ல யாரு பேரைப் போடறாங்க? ஊரே பாக்கும், யாரு பண்ணினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த லோகோவாவது கண்ணுல படட்டும்னு நினைச்சேன்."

மறு வாரம் பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் வந்துவிட்டது. அவன் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான்.

"வாங்க, அந்தம்மா போட்டோ நல்லா விழுந்திருக்கான்னு பாக்கலாம்" என்று மனைவிதான் இழுத்துப் போனாள்.

போட்டோ இல்லை. பட்டை நிறையப் பெயர்கள்தான். நடிகர்கள், விளக்கு அமைத்தவர், உடை தைத்தவர், ஒப்பனை செய்தவர், திரை இழுப்பவர். வாசித்துக்கொண்டே போன மனைவி சட்டென்று நிறுத்தினாள்.

"என்னங்க, இதோ பாருங்க... உங்க பேரு! லோகோ, போஸ்டர் வடிவமைப்புன்னு போட்டு!"

அவன் கிட்டே போய் இரண்டு தடவை படித்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"சரி, அந்தம்மா பேரு எங்க?" என்றாள் மனைவி.

மேலே பார்த்தார்கள், ஓரத்தில் பார்த்தார்கள். எங்கேயும் இல்லை. அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது. அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டான்.

"மேடம், போஸ்டர்ல உங்க பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை தம்பி. அந்த நாடகத்துல நான் என்ன பண்ணினேன்? அனுமதிக் கடிதத்துல ஒரு கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்."

அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"என் பேரைப் போட்டிருக்கீங்களே மேடம்... ரொம்ப நன்றி. நான் கேக்கவே இல்லையே?"

மறுமுனையில் மேடம் சிரித்தார்.

"கேக்கலையா? லோகோல அந்தத் திரை மடிப்புக்குள்ள உங்க பேரோட முதலெழுத்தை நைஸா ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தமாம்?"