கூடுதலாக இரண்டு மூடி

கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஒட்டியது.

விடிந்தால் கல்லாயிருக்கும் என்றுதானே நம்பியிருந்தான்! விரலை எடுத்தபோது பதம் தப்பிய பாகுபோல நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

மகள் சுகந்தி ஓடுவதற்கான செயற்கைக்கால் அது. நடக்கிற கால் வேறு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம், ஓட முடியாது.

முழங்காலுக்குக் கீழே மிச்சமிருப்பதை நுழைக்கிற கிண்ணத்தில் போன வாரம் விரிசல் விட்டது. கார்பன் துணியை எபாக்சி ரெசின் பசையில் நனைத்து நேற்று ராத்திரி அவன்தான் சுற்றி ஒட்டினான்.

நாளைக் காலை கோவையில் மாநில ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மதியப் பேருந்தைப் பிடித்தால்தான் உண்டு. அடுத்த வருடம் சுகந்திக்கு வயது தாண்டிவிடும்.

கோத்தகிரியில் மார்கழி. புல்லெல்லாம் உப்பைத் தூவியதுபோல் கிடந்தது.

“குளிருப்பா. நமக்கே கை விறைக்குது, அது எப்படி இறுகும்? வெயில் ஏறட்டும்.”

சொல்லிவிட்டு, இருக்கிற காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டாள். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

குளிர் என்றால் வழி உண்டு. அடுப்பருகே வைத்தான். கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டில் முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கிக் காட்டினான்.

சூடு பட்டதும் இன்னும் இளகியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, குற்றம் குளிரின்மேல் இல்லை.

பாதி ஆயுசு கடலூர்ப் படகுப் பட்டறையில் போயிருந்தது. அங்கே வேறு ரெசின், அதை இறுகவைக்கிற ஹார்டனரும் வேறு. மழை நாளில் இறுக மாட்டேன் என்று அடம்பிடித்தால் மேஸ்திரி அங்கிருந்தே சத்தம் போடுவார்.

“ரெண்டு மூடி சேத்து ஊத்துடா!”

ஊற்றினால் போதும், பொழுது சாய்வதற்குள் படகு கட்டையாகிவிடும்.

இந்த டப்பாவை விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இது அந்தச் சரக்கு இல்லண்ணே, ஹார்டனர் ஒரு சொட்டு கூடினாலும் கோளாறு, அப்புறம் எத்தனை வெயிலில் வைத்தாலும் இறுகாது.

காது கேட்டுக்கொண்டது. பனியைப் பார்த்ததும் கை கேட்கவில்லை. இரண்டு மூடி சேர்த்து ஊற்றிவிட்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்.

டப்பா காலி. வழித்தாலும் ஒரு சொட்டு தேறாது. புதிதாக வாங்கி வந்து ஒட்டினாலும் இந்தக் குளிரில் நாளை மறுநாள்தான் இறுகும்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

“வெயில்ல வச்சா சரியாயிடும்ல?”

“ஆயிடும்மா.”

பாவி, அப்படியே சொல்லிவிட்டான்.

வெயில் வந்தது. வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் காலை நிறுத்திவைத்தாள். மரத்தின் நிழல் நெருங்க நெருங்க முக்காலியை நகர்த்தினாள். தொட்டுப் பார்க்கவே இல்லை. தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயம் அவளுக்கு.

புல்லில் இருந்த வெள்ளையெல்லாம் தண்ணீராகிவிட்டது. கூரைத் தகரம் சுட்டது.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கட்டைவிரல் இன்னும் பிசுபிசுத்தது.

கீழ் வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் வெயில் அடிச்சா போதும்ப்பா.”

அவன் அண்ணாந்து பார்த்தான். ஒரு மேகமாவது வந்து மறைக்கக் கூடாதா, பழியை அதன் தலையில் போட்டுவிடலாமே.

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.