பிரஸ் நின்ற நேரம்

“கடைசி சீன தூக்கிடு, அண்ணாத்தே” என்றாள் கோமளா.

மோகன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். அந்த சீன் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவளே அவள்தான்.

இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினை ஓட்டுகிற ஆட்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். எழுதி நடிப்பது மோகன். மேடை எப்படி இருக்க வேண்டும், லைட்டு எங்கிருந்து விழ வேண்டும், சத்தம் எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் கோமளாவின் பொறுப்பு. தொழிலாளர் நாடகப் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இந்த வருஷ நாடகம் மோகனின் அம்மா நாகம்மாளின் கதை. அவளும் இதே ஷெட்டில் பிரஸ்ஸில் நின்றவள். ஒருநாள் கரண்ட் போய்த் திரும்ப வந்த நொடியில் பிரஸ் இறங்கியது. வலது கை விரல்கள் போய்விட்டன. அதிலிருந்து வெளியே கிளம்பினால் அந்தக் கை முந்தானைக்குள்தான் இருக்கும். கல்யாண வீட்டில் சந்தனத்துக்கு இடது கையை நீட்டிப் பேச்சு வாங்குவாளே தவிர, வலது கையை எடுக்க மாட்டாள்.

அவளுக்கு அப்படி ஆன பிறகுதான் அந்த ஷெட்டில் ஒரு பழக்கம் வந்தது. கரண்ட் போனால் போதும், எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்கள். திரும்ப வந்து லைட்டு எரிகிற வரைக்கும் இறக்க மாட்டார்கள். பக்கத்து ஷெட்டுகளுக்கும் அது பரவியது. அதற்குப் பிறகு யாருக்கும் விரல் போகவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் தன்னால் வந்தது என்பது நாகம்மாளுக்குத் தெரியாது. வேலையை விட்டவள் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசி சீன் அதுதான். மேடை இருட்டாகும். வெளிச்சம் வரும்போது எல்லார் கையும் மேலே இருக்கும். அதைப் பார்த்தாவது அம்மா கையை வெளியே எடுக்க வேண்டும். மோகனுக்கு அது போதும். பரிசெல்லாம் அப்புறம்.

“இன்னாத்துக்கு தூக்கணும்ன்ற?”

“போலீஸ் புடிச்ச திருடனாட்டம் நிக்கிறீங்க. பரத் அண்ணன் கைய தூக்கிட்டு என்னைப் பாக்குது, சரியா கீதான்னு. உங்கம்மா முன்னாடி அந்தப் பொய் வாணாம்.”

கூட நடிக்கும் பரத்துக்குச் சுருக்கென்றது. அவளுடைய டியூப்லைட் மட்டும் ஒழுங்காக நடிக்கிறதா என்று கேட்டான். உன்னைவிடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

மோகன் கெஞ்சிப் பார்த்தான். இன்னும் நாலு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்றான். ஒத்திகை பார்க்கப் பார்க்க மோசமாகத்தான் ஆனது. நிஜத்தில் தானாக எழுகிற கை, மேடையில் யோசித்து யோசித்து எழுந்தது. கடைசியில் அவனே அந்த சீனை வெட்டிவிட்டான். பிரஸ் சத்தம் ஓடிக்கொண்டிருக்க, தான் பேசும் நீளமான வசனத்தோடு திரை விழட்டும் என்று முடிவு செய்தான்.

போட்டி அன்று ஹால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மற்ற குழுக்கள் தெர்மாகோலில் மிஷின் செய்து வைத்தன. கோமளா மிஷினே வைக்கவில்லை. பின்னால் கழிவுத் தகடுகளைத் தொங்கவிட்டாள். ஷெட்டிலேயே பதிவு செய்த பிரஸ் சத்தத்தை, மேடைப் பலகைக்கு அடியில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து ஓடவிட்டாள். சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் தகடுகள் நடுங்கின. பார்க்க வந்திருந்த எஸ்டேட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டுக்கு வந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்த நாகம்மாள் முன்வரிசையில் இருந்தாள். கை முந்தானைக்குள்.

மோகன் வசனத்தின் பாதியில் இருந்தான். சட்டென்று பிரஸ் சத்தம் அறுந்தது. லைட்டு போனது. தலைக்கு மேல் ஓடிய ஃபேன்களின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. கறுப்புத் துணிக்குள் ஹால் குகைபோல ஆனது.

வெளிச்சம் வந்தபோது மோகனின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன. எப்போது தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. பரத்தின் கைகளும் மேலே. அவன் யாரையும் பார்க்கவில்லை. கீழே, நாற்காலிகளில் இருந்த எஸ்டேட் ஆட்கள் வரிசை வரிசையாகக் கை தூக்கியிருந்தார்கள்.

முன்வரிசையில் அம்மா. அந்தப் பழக்கம் தெரியாத அவளும், பிரஸ்ஸிலிருந்து இழுத்துக்கொண்டதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. அவள் திரும்பி, தனக்குப் பின்னால் எழுந்திருந்த அத்தனை முழுக் கைகளையும் பார்த்தாள். மற்றவர்கள் இறக்கிய பிறகும் அவள் தன் கையை இறக்கவில்லை.

மேடை அமைப்புக்கும் ஒலி ஒளிக்கும் முதல் பரிசு என்று கோமளாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளோடு மேடையேறிய மோகனுக்கு மனசு கேட்கவில்லை. மைக்கை வாங்கி உண்மையைச் சொன்னான். அது தற்செயலாகக் கரண்ட் போனது. அந்த சீனை நாங்களே எடுத்துவிட்டோம். செய்யாத வேலைக்குப் பரிசு வேண்டாம்.

ஹால் எலெக்ட்ரீஷியன் துலுக்கானம் ஓரத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

“கரண்ட் எங்க நைனா போச்சு? மெயின் சுவிட்ச எறக்கினதே நான்தான். இந்தப் பொண்ணு மொதல்லயே வந்து, எந்த வசனத்துல எறக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு. உங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னுச்சு.”

மோகன் கோமளாவைப் பார்த்தான்.

“உங்ககிட்டேர்ந்துதான் அந்த சீன எடுத்தேன், அண்ணாத்தே” என்றாள் அவள். “நாடகத்துலேர்ந்து எடுக்கல.”