ரயில் சுகம்

"தில்லிக்குப் போணும்னா ரயில்லதான் போணும். போகப்போக மண்ணு நிறம் மாறுததைப் பார்க்கணும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சாயா ருசி மாறும். அதாக்கும் யாத்திரை."

பாறசாலையில் சிவதாணு இப்படிச் சொல்லிக் கேட்காதவர்கள் இல்லை. தில்லியில் இருக்கும் மகள் அமிர்தா விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னபோதெல்லாம் அவர் இதையேதான் சொன்னார். விமானத்தை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கும் என்பது யாருக்கும் தெரியாது. மனைவி சண்முகவடிவுக்குக்கூட.

அன்று காலை மருமகன் போனில் கூப்பிட்டான். அமிர்தாவுக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ரயிலில் போனால் மூன்றாம் நாள்தான் போய்ச் சேரலாம். வடிவு பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

மத்தியானம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்கள். அது ஓடத் தொடங்கியதும் சிவதாணு இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். தரை கீழே நழுவியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் கையைப் பற்றினார். இத்தனை வருடப் பேச்சும் இதோ அம்பலமாகப் போகிறது என்ற பயம் வேறு.

"விட்டிராதீங்க," என்றாள் வடிவு. அவளும் கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"எனக்குப் பிளேன்னா பயம்னு எப்பவோ கண்டுபிடிச்சிருக்கிய. என்னைக் காட்டிக் குடுக்காம, ரயில்தான் சுகம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்திய. எனக்குப் புரியாதுன்னா நெனச்சிய? இப்பவும் பாருங்க, நான் கேக்காமலே கையைப் பிடிச்சிட்டிய."

விமானம் ஒருமுறை குலுங்கியது. சிவதாணு பிடியை இன்னும் இறுக்கினார்.

"பின்னே," என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஒனக்காக இல்லாம வேற யாருக்காக்கும்?"