பைந்துவின் இடது கை

"மனுஷனுக்குக் கையில எத்தனை விரல்டா?" என்று கேட்டுக்கொண்டே வாண்டி விட்ட அறையில், ஓவியன் ஷேக்குவின் பல் ஒன்று தெறித்து மஞ்சள் பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்தது.

"அஞ்சுண்ணே."

"அப்ப இங்க எத்தனை இருக்கு? எண்ணுடா! சத்தமா எண்ணு!"

ஷேக்கு சுவரைப் பார்த்தான். சாப்பாட்டுக்கடையின் முன்சுவர் முழுக்க அதன் முதலாளி பைந்து, வாண்டியின் மனைவி, சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தபடி நின்றாள். வலது கையில் ஐந்து விரல். இடது கையில் ஆறு.

"ஆறு" என்றான். உதை வயிற்றில் விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தது. கெனிமா ஊர் பைக் டாக்ஸிக்காரர்கள் இழவு வீட்டிலேயே சிரிக்கிற ஜாதி, இதற்கு விடுவார்களா? "போன கை கொசுறோட திரும்பி வந்துருச்சுடோய்!" என்று ஒருத்தன் கத்தினான் பாருங்கள், அதில்தான் வாண்டிக்கு வெறி ஏறியது.

பைந்துவுக்கு இடது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், சின்னப் பையன்கள் கையில்கூடக் கத்தியைக் கொடுத்துக் கூட்டிவந்த கலகக்காரர்கள் அவள் கிராமத்துக்குள் புகுந்தபோது வெட்டியது. அந்தக் கிராமத்தில் உயிரோடு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். மொட்டைக் கையோடு கெனிமாவுக்கு வந்து, ஒற்றைக் கையால் மரவள்ளி இலையை இடித்துக் குழம்பு வைத்து விற்றாள். அப்புறம்தான் வாண்டி அவளைக் கட்டிக்கொண்டான். போன கையைப் பற்றி அவள் கட்டினவனிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்படிப்பட்டவள் வாய் திறந்து ஷேக்குவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "செவுத்துலயாவது ரெண்டு கையோட நிக்கிறேன் தம்பி."

ஷேக்கு ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. கெனிமாவிலிருந்து லைபீரிய எல்லை வரைக்கும் லாரி, சலூன், தையல்கடை எல்லாம் அவன் வரைந்ததுதான். அதனால் திமிரும் உண்டு. தன் படத்துக்குப் பின்னணியில் கடல் வேண்டும் என்று கேட்ட தையல்காரரிடம், "கண்ணால பார்க்காததை நான் வரைய மாட்டேன், வேற ஆளைப் பாருங்க" என்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போனவன் அவன்.

அந்தத் திமிரெல்லாம் இப்போது புழுதியில் கிடந்தது.

"குடிச்சிட்டு வரைஞ்சியாடா?"

"இல்லண்ணே! சத்தியமா இல்ல!"

"அப்ப வேணும்னே பண்ணியிருக்க. கையில்லாதவளைக் கேலி பண்ணியிருக்க."

"ஐயோ, இல்லண்ணே! எப்படி வந்துச்சுன்னே தெரியல. கை தானா போட்டுருச்சு!"

"தானா போட்டுச்சா? அந்தக் கைதானே? அது இனி இருக்கக் கூடாது."

வாண்டி சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினான். ஆட்டுக்கறி வெட்டும் கட்டையும் கத்தியும் வந்தன. நான்கு பேர் ஷேக்குவை மண்டிபோட வைத்து, அவன் வலது கையை இழுத்துக் கட்டைமேல் அழுத்தினார்கள். சற்று முன் கொசுறு என்று கத்தியவனும் அதில் ஒருத்தன். கூட்டத்தில் ஒருத்தராவது தடுக்க வேண்டுமே, ம்ஹூம்!

"அண்ணே, இந்தக் கை போனா என் பிள்ளைங்க பட்டினிண்ணே! கடவுளே! அக்கா! பைந்தக்கா!"

கத்தி மேலே போனது.

"நிறுத்துய்யா!"

பைந்து வாசலில் நின்றாள். தலைமுடி எல்லாம் அடுப்புச் சாம்பல். "கை போறதுன்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு? தினம் என்னைப் பார்த்தும் புத்தி வரலையா? கத்தியைக் கீழ போடு!"

வாண்டி போட்டான். பெண்டாட்டிக்கு மட்டும்தான் அவன் பயப்படுவான். பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள், ஷேக்கு தவழ்ந்து வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க அங்கே அதுதான் வழக்கம். அதற்குமேல் ஒருத்தரும் கோபத்தை வைத்திருக்கக் கூடாது.

"உயிரைக் காப்பாத்திட்டீங்கக்கா."

"எந்திரி தம்பி, எந்திரி. பாவம், வாயெல்லாம் ரத்தம்" என்று அவனைத் தூக்கிவிட்டாள். "சின்ன விஷயத்துக்கு இப்படியா மாட்டை அடிக்கிற மாதிரி அடிப்பாங்க? என்னதான்யா தப்பா வரைஞ்சான்?"

"நீயே பாரு" என்றான் வாண்டி. "செவுத்தைப் பாரு. அந்த இடது கையைப் பாரு."

பைந்து அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஷேக்குவின் தோளைப் பிடித்திருந்த பிடியை மட்டும் விடவில்லை.

அவள் திரும்பி, முப்பது வயதுகூட ஆகாத அந்த முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஷேக்கு தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கையில எனக்கு ஆறு விரல்னு உனக்கு எப்படிடா தெரியும்?"