இரண்டாயிரம் லிட்டர்

பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டாள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஆனால் கையெழுத்துதான் விழவில்லை.

"ரெண்டு மணி நேரமா அதையே பார்த்துட்டிருக்கீங்க. அது பேப்பரா, முகம் பார்க்கிற கண்ணாடியா?" மேலாளர் மேசையில் தட்டிய வேகத்தில் தேநீர்க் கோப்பை துள்ளியது.

"படிச்சுட்டுப் போடுறேன் சார். இன்னும் பத்து நிமிஷம்."

அடுத்த அறையில் இரண்டாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி. அதில் வெள்ளெலியின் சிறுநீரக உயிரணுக்களைப் பச்சைப் பிள்ளையைப் போல ஐந்து வாரமாக வளர்த்திருந்தார்கள். அந்த அணுக்களில் கோமாரி வைரஸைப் பெருக்கி, பிறகு அதைச் செயலிழக்கச் செய்தால் மாடுகளுக்குத் தடுப்பூசி. அன்று காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அணுக்களுக்கு நடுவே வேண்டாத விருந்தாளியாகப் பாக்டீரியா நெளிந்துகொண்டிருந்தது.

"ஆன்டிபயாடிக்கை ரெண்டு பங்கா ஊத்தினா அடங்கிடும். 'டேங்க் சுத்தம்'னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே?"

"அதுக்குள்ள பாதி அணு செத்துடும் சார். மிச்சத்துல எடுக்கிற மருந்துல வீரியம் இருக்காது."

"ஊரெல்லாம் கோமாரி. ஊசி எப்ப வரும்னு என் போன் அலறிட்டிருக்கு. இதைக் கொட்டிட்டு மறுபடி வளர்க்க அஞ்சு வாரம். அதுவரைக்கும் சாகிற மாட்டுக்கெல்லாம் நீங்க பதில் சொல்வீங்களா?"

அவள் காது மடல்கள் சிவந்தன.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. நம்பிப் போட்டேன். ஊசி போட்ட மாட்டுக்கே வாயெல்லாம் புண். பதினோரு மாட்டைப் பறிகொடுத்த அம்மா வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தினப்ப, நீங்க பின்பக்கமா நழுவிட்டீங்க. நான்தான் நின்னு வாங்கிக்கிட்டேன்."

"அதுக்கு?"

"ஊசி இல்லேன்னா மாட்டைக் கட்டிப்போட்டு ஜாக்கிரதையா இருப்பாங்க. போட்டாச்சுங்கிற தைரியத்துலதான் அந்தம்மா சந்தைக்கு ஓட்டிட்டுப் போனாங்க."

"பாடம் எடுக்காதீங்க. உங்க நாற்காலிக்கு நாலு பேர் காத்துட்டிருக்காங்க." அவர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். அடுத்த அறைக்குப் போகும் சுவரோர நீராவிக் குழாய் டிக் டிக்கென்று அனல் கக்கிக்கொண்டிருந்தது. "இந்த ரூம் வேற. ஏன் இப்படிப் புழுங்குது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"நான் பொறுமையை இழந்துட்டேன். இப்பப் போடுறீங்களா, இல்ல உங்க உதவியாளரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லவா?"

"அவரும் படிக்கணுமே சார்."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாய் திறப்பதற்குள் அவளுடைய கைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின.

"சரிண்ணே. ரொம்ப நன்றி. இனி ஆறட்டும்."

பேனாவை மூடினாள். எழுதாத தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"யாரு, உங்க அண்ணனா?" என்றார் அவர் ஏளனமாக. "அவராவது வேலையைக் காப்பாத்திக்கச் சொன்னாரா?"

"பாய்லர் பார்க்கிற அண்ணன் சார்."

"அவருக்கு என்னவாம்?"

"டேங்க்ல இருந்ததெல்லாம் வெந்து முடிஞ்சிடுச்சாம்."