செவ்வாய்க்கிழமைக்காரர்

கெதினின் மேசைக்கு முன்னால் நெரிஸ் உட்கார்ந்ததும், வரிசையில் நின்ற மெய்ர் குரலை உயர்த்தினாள்.

“செவ்வாய்க்கிழமைன்னா மட்டும் உதட்டுச் சாயம் போட்டுட்டு வர்றியேடி! கடனைக் கட்ட வர்றியா, ஆளைக் கட்டிக்க வர்றியா?”

வரிசை சிரித்தது. கெதின் ரசீதுப் புத்தகத்தில் எதையோ தேடினார்.

அந்த வேல்ஸ் கடலோர ஊரில் வங்கிக் கிளைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். பழைய இறைச்சிக் கடைதான் இப்போது எல்லா வங்கிக்கும் பொது அறை. கிழமைக்கு ஒரு வங்கியிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். செவ்வாய்க்கு கெதின்.

நெரிஸ் நடத்திய, நாய்களுக்கு முடி வெட்டும் கடை மூடிப்போனபோது மிஞ்சிய கடன் அவருடைய வங்கியில்தான் இருந்தது. மாதம் ஒருமுறை கட்டினால் போதும். அவள் அதை வாரத்துக்கு ஐந்து பவுண்டாகப் பிரித்துக்கொண்டு வந்து கட்டினாள்.

அவர் ரசீது எழுதி முடிக்கும்வரை அந்த நாற்காலி அவளுடையது.

அவர் சட்டையின் முன்பக்கத்தை மட்டும்தான் இஸ்திரி போடுவார். முதுகைப் பார்த்துச் சொல்ல வீட்டில் யாருமில்லை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

இன்று கேட்பதற்கும் ஒன்று இருந்தது. சுற்றுலாப் பயணிகள் வண்டி வீடுகளில் தங்கும் கேரவன் விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் போட, திங்களுக்குள் ஒரு கணக்கு எண் கொடுக்க வேண்டும். இங்கிருக்கும் பழைய எண்ணையே கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

கெதின் பேனாவை வைத்தார். குரலைத் தணித்தார்.

“வேண்டாம் நெரிஸ். இங்க விழுந்தா, நீங்க கண்ணால பாக்குறதுக்குள்ள பழைய பாக்கிக்குன்னு எடுத்துக்குவாங்க. வாடகைக்குக்கூட மிஞ்சாது. ஒரு பென்னி கடன் இல்லாத இடமாப் பாருங்க. வியாழக்கிழமைக்காரங்களும் வேண்டாம், அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரே முதலாளி. வெள்ளிக்கிழமைக்காரங்ககிட்ட போங்க.”

“அப்ப இந்தக் கடன்?”

“அங்கிருந்தே மாசாமாசம் தானா வர்ற மாதிரி பண்ணிடலாம். நீங்க இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டியதே இல்ல.”

நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

வர வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை; ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தாள்.

கேரவன்களில் படுக்கை விரிப்பு மாற்றும்போதெல்லாம் அதே யோசனை. பழைய எண்ணையே கொடுத்துவிட்டால் என்ன? கடன் இருக்கும்வரை செவ்வாய்க்கிழமை இருக்கும்.

பிறகு வீட்டு வாடகை நினைவுக்கு வரும். விரிப்பை ஓங்கி உதறுவாள்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. உதட்டுச் சாயம் இல்லாமல் போனாள். அறைக்குள் மேசை ஒன்றுதான். அதன் பின்னால் புதிய முகம். ஒருவர் மட்டும் காத்து நின்றார்.

கதவுச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

கெதின்.

சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை. கையில் பாஸ்போர்ட்டும் சம்பளச் சீட்டும்.

அவர் காதுகள் சிவந்தன. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

“நீங்க முன்னாடி போங்க நெரிஸ். உங்க சம்பளம் இன்னும் வரல. என்னோடதை எங்க வங்கி நேத்தே பாக்கிக்குன்னு எடுத்துக்கிச்சு.”