அரக்குப் புடவை அறிவிப்பாளர்

நமச்சிவாயம் ரிமோட்டை அழுத்தினார். டிவியில் அந்த அறிவிப்பாளர் பெண் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றாள்.

"இன்னிக்குமாப்பா?" வாசற்படியில் நின்றபடி கேட்டாள் மகள் இளவரசி. "சித்தப்பா செத்துக் கிடக்குறாரு. நீ இன்னிக்கும் அந்தப் பொம்பளைய பாத்துக்கினு உக்காந்திருக்கியே, உனக்கே நல்லா இருக்குதா?"

தாமல் கிராமத்தில் அன்று விடியற்காலை ஏகாம்பரம் போய்விட்டார். நமச்சிவாயத்துக்கு ஒரே தம்பி. பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், கொள்ளி வைக்க அண்ணன் வந்தாக வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் போன் செய்தாகிவிட்டது. அண்ணனோ நாற்காலியை விட்டு அசைவதாக இல்லை.

ஒரு வாரமாகவே வீட்டில் இந்தக் கூத்துதான். எண்பதுகளில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த 'வாரம் பத்துப் பாட்டு' நிகழ்ச்சியை எந்தப் புண்ணியவானோ பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் போட்டுவிட்டான். நேயர்கள் கார்டு போட்டுத் தேர்ந்தெடுத்த பாட்டுகளை, பத்தாவதில் தொடங்கி முதலாவது வரை, அந்த அறிவிப்பாளர் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். முதல் நாள் நமச்சிவாயம் கூடவே பாடினார், தொடையில் தாளம் போட்டார். இரண்டாம் நாள் எண்பத்தேழாம் வருஷத்து ஆடி மாத நிகழ்ச்சி வந்தது. அவ்வளவுதான், பாட்டு நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து அது ஒன்றையேதான் ஓட்டுகிறார். மூன்றாவது பாட்டு முடிந்து அவள் திரும்புகிற இடம் வந்ததும் நிறுத்துவார். பார்ப்பார். மறுபடியும் ஓட்டுவார்.

அறுபத்து மூன்று வயதில் இவருக்கு வந்த ஆசையைப் பார் என்று பிள்ளையார்பாளையம் தெருவே சிரித்தது. மனைவி அம்சவேணி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பொறாமை, வேறென்ன என்று தெரு அதற்கும் ஒரு முடிவு கட்டியது.

"ஆட்டோ நிக்குதுப்பா, எழுந்திரு" என்றாள் இளவரசி.

"இங்க வா. அவ முந்திய பாரு."

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?"

"பாருன்றேன்!"

அரக்குப் பட்டு. முந்தியில் வரிசையாக அன்னங்கள். எல்லாம் ஜரிகை, ஒன்று மட்டும் கிளிப்பச்சை.

"உங்கம்மாவுக்குக் கிளிப்பச்சைன்னா உசுரு. அவளுக்காக ஒத்தை அன்னத்த மட்டும் பச்சைப் பட்டுல போட்டேன். உலகத்துலயே இப்படி ஒரு புடவைதான். எங்க கல்யாணப் புடவை. நானே தறியில உக்காந்து நெய்தது. இத வேற ஒருத்தி கட்டினா நான் செத்ததுக்குச் சமம்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னேன்."

"அது தொலைஞ்சு போச்சுன்னு அம்மா சொல்லுமே?"

"தொலையல. உங்க சித்தப்பன் திருடினான்." நமச்சிவாயத்துக்கு மூச்சு வாங்கியது. "மறு வருஷம் மஞ்சக்காமாலை வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தேன். செலவெல்லாம் உங்கம்மாவோட அப்பா பாத்துக்கினாரு, மகராசன். கூடப் பொறந்தவன் இன்னா பண்ணான்? வூட்டுல தனியா இருந்தான். நான் பொழைச்சு வந்து பொட்டியத் தொறந்தா புடவை இல்ல. எங்கடான்னு கேட்டா தலைய குனிஞ்சுக்கினு நின்னான். அடிச்சேன். அப்பவும் வாயத் தொறக்கல. தெருவே பாக்க வெளிய தள்ளினேன்."

"திருடன்னு பேர் வாங்கினதாலதான் அவருக்கு எவனும் பொண்ணு குடுக்கலியாப்பா? கடைசி வரைக்கும் ஒண்டியா சோறு பொங்கித் தின்னாரு."

"எனக்குத் தெரியாதா?" நமச்சிவாயத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. "எத்தினி வாட்டி தாமல் பஸ்ல ஏறி, பாதி வழியில எறங்கித் திரும்பி வந்திருக்கேன் தெரியுமா? புடவை எங்கனா மாறிக் கிடக்கும், ஒரு நாள் கிடைச்சுடும், ஓடிப்போய் அவன் கையப் புடிச்சுக்கலாம்னு கிட்டத்தட்ட நாப்பது வருஷமா காத்துக்கினு இருந்தேம்மா. கிடைச்சுது பாரு! எவளோ கட்டிக்கினு டிவில நிக்குறா. வித்துட்டான். நெஜமாவே வித்துட்டான், பாவி!"

பாவி என்று சொல்லிவிட்டு விம்மினார். தம்பி செத்ததற்கு அழுகிறாரா, தம்பி திருடன் என்று ஆனதற்கு அழுகிறாரா என்று இளவரசிக்குப் புரியவில்லை. அருகில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவர் மேல இன்னாப்பா கோவம்? அவருக்கு உன்ன விட்டா யாருப்பா இருக்குறாங்க?"

"திருடனுக்கு இந்தக் கை கொள்ளி வைக்காது. போய் சொல்லிடு."

அடுப்படியிலிருந்து அம்சவேணி வந்து நின்றாள். காலையிலிருந்து அழுததில் முகம் வீங்கியிருந்தது.

"எங்கப்பா ஆஸ்பத்திரிக்கு ஒத்தப் பைசா குடுக்கலீங்க."

நமச்சிவாயம் திரும்பினார். "இன்னா சொல்ற?"

"வித்துக்கினு வாப்பா, உங்கண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னு, அந்தப் புடவைய தம்பி கையில குடுத்தது நான்தாங்க."